38,500 ரூபா போச்சுங்க, எலக்ட்ரிக் ட்ரயல்ஸ் வண்டி வெச்சிருக்கவங்க படிச்சிட்டு போங்க

கோத்தகிரில இருந்து எழுதறேன். கோவம் இன்னும் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கீழ சமவெளில இம்போர்ட்டட் பைக் எல்லாம் பாக்கற ஒரு ஒர்க்‌ஷாப், பேரு போட வேண்டாம்னு வீட்ல கைய புடிச்சுக்கறாங்க, அதனால போடல. என் 38,500 ரூபா அங்க போயிருச்சு. என்னென்ன செக் பண்ணனும்னு கடைசில விவரமா எழுதறேன், முதல்ல நடந்தத கேளுங்க.

செகண்ட் ஹேண்டா வாங்குன வண்டி. ட்ரயல்ஸ்னா கால ஊனாம பாறை, மேடுன்னு ஏத்தி இறக்கற பைக் போட்டி. எஸ்டேட்டுக்கு பின்னாடி ஓடைல பாறை மேல ஏத்தி இறக்கி பழகுவேன், பாக்கறவங்க எல்லாம் கரண்ட் வண்டிக்கு எதுக்குங்க கிளட்ச்னு கேப்பாங்க. நின்ன எடத்துலயே மோட்டார் முழு டார்க் குடுக்கும், உண்மைதான், ஆனா இடுப்பு உசர பாறைல தாவி ஏறணும்னா அது பத்தாது, கிளட்ச்ச புடிச்சிட்டு மோட்டாரையும் ஃப்ளைவீலையும் (சுத்துற வேகத்த சேத்து வெக்கற கனமான சக்கரம்) நல்லா சுத்த விட்டு டக்குனு விடணும், அந்த சுத்து மொத்தமும் ஒரே அடியா பின் வீலுக்கு போயி தூக்கும். கியர்பாக்ஸ்னு வாய்ல வருதே தவிர என் வண்டில உள்ள ஒரே ரிடக்‌ஷன்தான் (மோட்டார் வேகத்த குறைக்கற ஒரே பல்சக்கர செட்), கியர் லீவரே கிடையாது. இத ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஜூன் மழைல கிளட்ச் ஸ்லிப் ஆக ஆரம்பிச்சுது. மோட்டார் கத்துது, வீலு மெதுவா வருது. கவர கழட்டி பாத்தேன், ஒரு பிளேட்டோட காது ஓரம் உடைஞ்சிருந்துச்சு, சும்மா ஒரு போட்டோ எடுத்து வெச்சேன். அப்புறம் பிக்கப் புடிச்சு மேட்டுப்பாளையம் ரோட்ல 33 கிலோமீட்டர் இறக்கி அதுக்கு மேலயும் போயி விட்டேன்.

ஓனர் வந்தாரு. வாங்க தம்பி, டீ சாப்புடுங்கன்னாரு. குத்துக்கால் போட்டு உக்காந்து கிளட்ச் கவர் மேல கைய வெச்சுட்டு பேசினாரு பாருங்க, 2018ல யமஹா டிஒய்-இ வண்டில இதே மாதிரி கிளட்ச்சும் ஃப்ளைவீலும் வெச்சு ட்ரயல்-இ கப்ல, அதான் எலக்ட்ரிக் ட்ரயல்ஸ் வண்டிகளுக்கான சர்வதேச போட்டில, ரெண்டாவது வந்தாங்கங்கற வரைக்கும் சொல்றாரு. நம்ம பக்கம் இதெல்லாம் யாருங்க பேசறா? நான் விழுந்தது அங்கதான். அவரு அட்வான்ஸ் கேக்கவே இல்ல, நானா ஜிபேல 20,000 போட்டேன். எனக்கு கொழுப்பு.

பத்து நாள் கழிச்சு மிச்சம் 18,500 குடுத்து வண்டிய எடுத்தேன். பில்லு வாட்ஸப்ல வரும்னாங்க. மூலைல கார் இன்ஜின் ஆயில் கேன் ஒண்ணு திறந்து கிடந்துச்சு, அப்ப மண்டைல ஏறல.

மொத பாறைலயே மோட்டார் கத்துச்சு, வண்டி பின்னாடி சறுக்குச்சு, முட்டி பேந்துருச்சு. போன் பண்ணா புது பிளேட் தம்பி, செட் ஆகணும், ஓட்டுங்கன்னாரு. ரெண்டாவது தடவ சொன்னாரு பாருங்க, "மலைல காத்து கம்மிங்க தம்பி, அதான் இழுக்கல." கரண்ட் மோட்டாருக்கு எதுக்குங்க காத்து? ஊட்டி 2,240 மீட்டர், அங்க கொண்டு போனாலும் பேட்டரி மூச்சு வாங்காதுங்க! மூணாவது தடவைல இருந்து ஒரு பையன்தான் எடுக்கறான், ஓனர் சாப்புட போயிருக்காருங். காலைல பத்து மணிக்கும் சாப்பாடு, சாயந்திரம் நாலு மணிக்கும் சாப்பாடு.

ஒரு வாரம் கழிச்சு பில்லு வந்துச்சு. கிளட்ச் பிளேட் செட் 17,500, கியர்பாக்ஸ் ஓவர்ஹால் 12,000, ஷிப்ட் ஃபோர்க் மாத்துனது 4,500, ஆயிலும் கூலியும் 4,500. ஷிப்ட் ஃபோர்க்! அது கியர் மாத்தறப்ப பல்சக்கரத்த தள்ளற பார்ட்டுங்க. கியரே மாத்த முடியாத வண்டில எந்த ஃபோர்க்க மாத்துனாங்க, சாப்புடற ஃபோர்க்கா?

ராத்திரியே கவர கழட்டிட்டேன். அதே காது உடைஞ்ச பிளேட்டு. உப்புத்தாள் போட்டு தேச்சு மறுபடியும் மாட்டிருக்காங்க, போட்டோவ பக்கத்துல வெச்சு பாத்தேன், அச்சு அசலா அதேதான். ஆயில் வேற கருப்பா கார் ஆயில் மாதிரி இருக்கு. ஆயில்ல முங்கி ஓடற கிளட்ச்சுக்கு உராய்வ குறைக்கற கார் ஆயில ஊத்துனா நல்ல பிளேட்டே வழுக்கும். இது பத்தாதுன்னு கிளட்ச் லீவர் பக்கத்துல இருக்கற மாஸ்டர் சிலிண்டர்ல டாட் 4 பிரேக் ஆயில் ஊத்தி வெச்சிருக்காங்க, மூடிலயே மினரல் ஆயில்னு போட்டிருக்கு. ரப்பர் சீல் ஊதிப் போயி இப்ப லீவர அமுக்குனா திரும்பி வர மாட்டேங்குது. 38,500 குடுத்து இருந்ததயும் கெடுத்துட்டு வந்திருக்கேன்.

நேத்து நேர்லயே போனேன். வண்டி எங்க தம்பி, வண்டி இல்லாம எப்புடி பாக்கறதுன்னாரு. டீ வரல.

விவரமா எழுதறேன்னேன், முடியலங்க, கை பதறுது. பழைய பிளேட்ட கையோட கேட்டு வாங்குங்க, விடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணுலயும் ஒரு மார்க் போட்டு போட்டோ எடுங்க. ஆயில் ஜாசோ எம்ஏ2வா (ஆயில்ல முங்கி ஓடற பைக் கிளட்ச்சுக்கு ஏத்த தரம்), உங்க வண்டி புக்குல போட்டிருக்கறதான்னு கேனை பாருங்க. மாஸ்டர் சிலிண்டர் மூடில போட்டிருக்கறத படிங்க. பில்லு பாக்காம மிச்ச காச குடுக்காதீங்க. அவ்ளோதான் தோணுது.

சீல் கிட் ஆர்டர் போட்டிருக்கேன், வந்தா நானே மாட்டி பாக்கறேன். பிக்கப்காரருக்கு வேற இன்னும் 1,500 பாக்கி.