மறைத்த சொத்தை வெளியே கொண்டுவர எந்த வழி: பிரமாணப் பத்திரமா, ஆர்டிஐயா, துப்பறிவாளரா?

விவாகரத்து வரப்போகிறது என்று தெரிந்ததும் கணவரின் மனை அவருடைய அம்மா பெயருக்குச் செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் எழுதித் தருவது) ஆகும். வைப்புத்தொகை முதிர்வுக்கு முன்பே உடைக்கப்படும். தொழிலில் திடீர் நஷ்டக் கணக்கு வரும். கணவன் மனைவி சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஏற்பாடு, கோவாவைத் தவிர, இந்தியச் சட்டத்தில் இல்லை. ஜீவனாம்சம் எதிர்த்தரப்பின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் முடிவாகிறது. அதனால் மறைக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் மனைவி, பிள்ளைகளின் சாப்பாட்டிலும் பள்ளிக் கட்டணத்திலும்தான் குறைகிறது.

பலர் முதலில் ஓடுவது தனியார் துப்பறிவாளரிடம். எந்த ஊரில் வீடு கட்டுகிறார், எந்தக் கடையை யார் நடத்துகிறார் என்று பார்த்துச் சொல்ல அவரால் முடியும். ஆனால் வங்கிக் கணக்கை உள்ளாள் மூலம் எடுத்துத் தருகிறேன் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். துணையின் போனிலோ மின்னஞ்சலிலோ திருட்டுத்தனமாக நுழைவதும் வேண்டாம். துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது உண்மை. ஆனால் அடுத்தவர் கணக்கில் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம்தான்.

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுவது, மலிவு. ஆனால் நம்பி உட்கார முடியாது. வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. மனைவிக்கு மொத்த வருமானத்தை மட்டும் சொல்லலாம் என்ற உத்தரவுகளும் வந்திருக்கின்றன. கிடைத்தால் லாபம், அவ்வளவுதான்.

ஒரு சொத்தின் மீது என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் வில்லங்கச் சான்று அப்படியல்ல. பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், நீதிமன்றமும் மதிக்கும். சிக்கல் ஒன்றுதான்: ஆள் பெயரைப் போட்டால் வராது, ஊரும் சர்வே எண்ணும் வேண்டும். அதனால் பழைய பத்திர நகல், வீட்டு வரி ரசீது, கடன் பத்திரம், சீட்டு பாஸ்புக் எல்லாவற்றையும் இப்போதே படமெடுத்து வையுங்கள்.

என் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விட வலுவானது பிரமாணப் பத்திரம். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்தையும் கடனையும் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். எதிர்த்தரப்புக்கு நான்கு வாரம் அவகாசம். வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீதிமன்றம் நீக்கிவிடலாம். பொய் சொன்னால் பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கை கேட்கலாம். நீங்களும் உண்மையை எழுத வேண்டும். உங்கள் சம்பளத்தை மறைத்தால் இதே ஆயுதம் உங்கள் மீது திரும்பும்.

இங்கே வரிசை முக்கியம். கையில் இருக்கும் ஆதாரத்தை முதல் நாளே காட்டிச் சண்டை போடாதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் சத்தியம் செய்து எழுதட்டும். அப்புறம் வில்லங்கச் சான்றைத் தாக்கல் செய்யுங்கள். வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ஐ அவரே தாக்கல் செய்ய உத்தரவு கேளுங்கள். வரிக் கணக்கில் அவர் விட்டதும் அதில் இருக்கலாம். வட்டியை வங்கியும், பெரிய தொகைச் சொத்துப் பரிவர்த்தனையைப் பதிவு அலுவலகமும் நேரடியாகத் தெரிவிக்கின்றன. தேவைப்பட்டால் வங்கிக்கும் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கும் சம்மன் அனுப்பக் கேட்கலாம். ரொக்கத்தில் நடக்கும் தொழிலில் இவ்வளவு துல்லியம் கிடைக்காது. அங்கே கார், வெளிநாட்டுப் பயணம், பள்ளிக் கட்டணம் போன்ற செலவை வைத்துத்தான் வருமானத்தை வாதிட வேண்டும்.

சொத்து விற்பனையைத் தடுப்பது தனி வேலை. விவாகரத்து மனு போட்டதாலேயே பத்திரப் பதிவு நிற்காது. பெண்களுக்கு விரைவான வழி குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-வது பிரிவு. வன்முறை நடந்ததாக முதல்நோக்கில் தெரிந்தால் சொத்தை விற்கவும் லாக்கரைத் திறக்கவும் வங்கிக் கணக்கை இயக்கவும் மாஜிஸ்திரேட் தடை போடலாம். மறைப்பது மனைவி என்றால் கணவருக்கு இந்தச் சட்டம் கிடையாது. அவர் குடும்ப நீதிமன்றத்தில் தடையுத்தரவு மனுதான் போட வேண்டும்.

ஏற்கெனவே மாமியார் பெயருக்குப் போய்விட்ட மனையையும் கைகழுவ வேண்டாம். பணம் வாங்காமல் மாற்றிய சொத்தின் மீதும் ஜீவனாம்ச உரிமையைக் கோர, சொத்து மாற்றச் சட்டத்தின் 39-வது பிரிவில் இடமுண்டு. செட்டில்மென்ட் பதிவான தேதியையும் பிரச்சினை தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள்.