சசூன் டாக் அருகே வாங்கிய நைலான் நங்கூரக் கயிறு

மும்பை சசூன் டாக் பக்கத்திலுள்ள ஒரு கயிற்றுக் கடையில், எங்கள் 18 அடி ஃபைபர் படகுக்காக 12 மி.மீ. தடிமனுள்ள மூன்று புரி நைலான் கயிறு வாங்கினோம். முதலில் காட்டப்பட்டது மலிவான பாலிப்ரோப்பிலீன். அது மிதப்பதால் புரொப்பெல்லரில் சிக்கக்கூடும், வெயிலிலும் விரைவில் நைந்துவிடும் என்பதால் வேண்டாமென்றோம். நைலான் மூழ்கும், அதைவிட முக்கியமாக, அலை படகைத் தூக்கி எறியும்போது தானும் நீண்டு கொடுத்து, அந்த வெட்டிழுப்பு நங்கூரத்தைப் பெயர்த்துவிடாதபடி தாங்கிக்கொள்ளும். வலிமைக்கு 10 மி.மீ.யே போதும் என்றாலும், ஈரக்கையால் இழுக்கும்போது மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும்.

நீளத்தில்தான் பலரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். பெரிய ஓதத்தில் இங்கே நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால், வற்றத்தில் 4 மீட்டர் ஆழமுள்ள இடம் ஏற்றத்தில் 8 மீட்டரைத் தொடும்; நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1 மீட்டரையும் சேர்த்து, நங்கூரக் கயிற்றுக்கு வழக்கமான ஏழு மடங்கு கணக்கிட்டால் 63 மீட்டர் வேண்டும். கடையில் தமிழ் தெரிந்த பணியாளர் இக்கணக்கைப் பொறுமையாகக் கேட்டு 65 மீட்டர் அளந்து, முனையில் இரும்பு வளையம் வைத்துப் புரி பின்னியும் கொடுத்தார். பின்னல் சீராக இருக்கிறது.

குறை இரண்டு: கயிற்றுச் சுருளில் அறுபடும் எடை குறிக்கப்படவில்லை; தரையில் உரசும் பகுதிக்கு அவசியமான சங்கிலியை வேறு கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது.