டாஷ்போர்டுக்குள் கரகரப்பு, கருகல் மணம்: கழுவுவதா, பழைய சாமானா, புதுசா?

மட்டக்களப்பில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்களும் மாரி மழையில் முன் கண்ணாடியைப் புகார் மூடும்போது அந்தக் குமிழைத் தேடுவார்கள். செங்கலடியால் திரும்பி பதுளை வீதியில் லுணுகலைக்கு மேலே ஏறும்போதும் தேடுவார்கள். மாதக்கணக்காக நீலப் பக்கமே நின்ற குமிழ் சிவப்புப் பக்கம் போகும். கொஞ்ச நேரத்தில் கருகல் மணம் வரும், இல்லையென்றால் டாஷ்போர்டுக்குள் ஏதோ உரசும். ஊருக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: கழற்றிக் கழுவு, பழைய மோட்டர் வாங்கிப் பூட்டு, புதுசு போடு, நேரடியாக வயர் இழுத்துவிடு. இந்த வழிகளில் எது எந்த நோய்க்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

ஏசிக்கும் ஹீட்டருக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே மோட்டர். பெரும்பாலான ஜப்பான் கார்களில் அது குளோவ் பொக்ஸுக்குக் கீழே, இடது பக்கம் இருக்கிறது. அதனால் ஹீட்டர் போட்டபோது கேட்ட சத்தம் ஹீட்டருக்கு மட்டும் உரியதல்ல. நாளைக்கு கச்சான் காற்றிலும் வெயிலிலும் ஏசி போடும்போது உங்களைக் கைவிடப் போவதும் அதே மோட்டர்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் இருந்த வண்டிகளையே எல்லோரும் ஓட்டினோம். நம்முடைய ஓல்டோ, விட்ஸ், டவுன்ஏஸ் எல்லாம் தேய்ந்த மோட்டரோடுதான் ஓடுகின்றன.

காசு கொடுக்க முன்னம்

வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் நிலைக்குத் திருப்புங்கள். பேனை 1, 2, 3, 4 என்று கூட்டுங்கள். சத்தமும் கூடவே கூடினால் பிழை மோட்டரில் அல்லது அதன் கூட்டில். பேனை நிறுத்திய பிறகும் எஞ்சின் ஓடும்போது சத்தம் வந்தால் பொனட்டுக்குள் பெல்ட்டையும் ஏசி கொம்பிரசரையும் பாருங்கள். ஏசி பொத்தானை அமுக்கும்போது மட்டும் கீச்சிட்டால் கொம்பிரசர் பக்கம்தான் சந்தேகம். சூட்டுக் குமிழைத் திருப்பும்போது சில விநாடி டக் டக்கென்று தட்டி நின்றால் உள்ளே சூட்டுக் காற்றை மாற்றிவிடும் சின்னக் கதவைத் திருப்பும் குட்டி மோட்டரின் பிளாஸ்டிக் பல்லுச் சில்லு உடைந்திருக்கும். அது ஆபத்தில்லை, ஆறுதலாகச் செய்யலாம். டாஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்டால் எஞ்சினை ஆற்றும் கூலன்ட் குறைந்து காற்றுப் புகுந்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், சூட்டோடு திறக்க வேண்டாம்.

மணத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. காற்றை வெளியிலிருந்து எடுக்கும் நிலையில் மணம் வந்து, உள்ளேயே சுற்றும் நிலைக்கு மாற்றியதும் குறைந்தால், அது வெளியே இருந்து வருகிற மணம். எஞ்சின் மேல் மூடியில் கசியும் ஒயில் சூடான எக்ஸோஸ்டில் சொட்டினால் அப்படித்தான் இருக்கும். பசறை வளைவுகளில் இறங்கும்போது வரும் மணம் அநேகமாக பிரேக். மாற்றியும் குறையாவிட்டால் உள்ளே தேடுங்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு ஹீட்டர் போட்டதும் தூசு சூடாகி வரும் மணம் சில நிமிடத்தில் அடங்கும். இனிப்பான மணமும் கண்ணாடியில் எண்ணெய் பூசினது போன்ற படலமும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் ரேடியேட்டர், அதாவது சூடான கூலன்ட் ஓடும் டாஷ்போர்டுக்குள் உள்ள சின்ன ரேடியேட்டர், கசிகிறது. பிளாஸ்டிக் அல்லது வயர் கருகும் மணம் என்றால் வேறு சோதனை வேண்டாம். பேனை நிறுத்தி, வண்டியை ஓரம் கட்டுங்கள். மணம் நிற்காவிட்டால் சாவியையும் நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு பெட்டரி முனையைக் கழற்றுங்கள்.

ரிசிஸ்டரா, மோட்டரா

அதிகம் காசு வீணாவது இந்த இடத்தில்தான். குமிழ் வைத்த சாதாரண ஏசியில் பேன் வேகத்தைக் குறைப்பது ரிசிஸ்டர் என்ற சின்னச் சாமான். கடைசி வேகத்துக்கு மின்சாரம் அதற்குள்ளால் போவதில்லை. அதனால் 1, 2, 3 வேலை செய்யாமல் 4 மட்டும் ஓடினால் ரிசிஸ்டர் போய்விட்டது என்பது சரி. ஏன் போனது என்று கேட்காமல் புதுசு பூட்டுவது பிழை.

களுவாஞ்சிகுடியில் ஒரு வயரிங்காரர் வேனில் இருந்து கழற்றிய ரிசிஸ்டரைக் காட்டினார். சுருள்கள் கறுத்திருந்தன, பிளக்கின் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு காலைச் சுற்றி மட்டும் பழுப்பேறிக் கொப்புளித்திருந்தது. வேன்காரர் முந்திய மாதம்தான் அதை மாற்றியிருந்தாராம். பிறகு வயரிங்காரர் மோட்டரை இறக்கினார். அணில் கூண்டு போலிருந்த, காற்றைத் தள்ளும் சில்லுக்குள் காய்ந்த வேப்பிலையும் உமியும் எலி கொறித்த பஞ்சும். விரலால் சுண்டினார், அரைச் சுற்றுக்கு மேல் சுற்றவில்லை. “ரிசிஸ்டர் தானாப் போகல்ல தம்பி, மோட்டர் இறுகி அதைச் சாகடிச்சிருக்கு” என்றார்.

சங்கதி அவ்வளவுதான். நல்ல மோட்டர் முழு வேகத்தில் 15, 20 ஆம்பியர் வரை இழுக்கும். அச்சைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகியது, அல்லது குப்பை உரசுவது, அதைவிடக் கூட இழுக்கும். அந்தச் சூட்டில் வெந்து போவது ரிசிஸ்டரும் பிளக்கும். மோட்டரைப் பார்க்காமல் ரிசிஸ்டரை மட்டும் மாற்றினால் திரும்பவும் அதே மணம் வரும். கருகிய பிளக்கை வைத்துக்கொண்டு புது ரிசிஸ்டர் குத்துவதும் வேண்டாம். தளர்ந்த கால் திரும்பச் சூடாகும். பிளக்கையும் வயர் நுனியையும் வெட்டிப் புதுசு போடச் சொல்லுங்கள்.

மூன்று வழிகளும் ஒரு ஆபத்தும்

கழற்றிக் கழுவுவது மலிவு, பல வண்டிகளில் மூன்று ஸ்குரூவோடு மோட்டர் கையில் வந்துவிடும். வேப்ப மரத்துக்குக் கீழே நிறுத்துகிற வண்டிக்கும், அறுவடை முடிந்த வயல் ஓரத்து வீட்டு வண்டிக்கும் முதல் மருந்து இதுதான். இலை கண்ணாடிக்குக் கீழுள்ள சல்லடையால் இறங்குகிறது, எலி தானாகவே ஏறுகிறது. சில்லைத் தூரிகையால் துப்புரவாக்கி, மோட்டருக்குள் மின்சாரம் கடத்தும் காபன் துண்டு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, புஷ்ஷில் ஓரிரு சொட்டு ஒயில் விட்டால் நீண்ட நாள் ஓடும். ஆனால் அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆடினால் கழுவுவதில் பயனில்லை. வளைவில் திரும்பும்போது மட்டும் உரசும் சத்தம் வருகிற வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. அதற்கு ஒயில் விடுவது சத்தத்தைச் சில கிழமை மறைக்கும், அவ்வளவே.

அப்போது பழைய சாமானா புதுசா என்ற கேள்வி வரும். என் முடிவு: விலை குறைந்த புதுசைவிட, ஜப்பான் வண்டியில் கழற்றி வந்த பழைய அசல் மோட்டர் மேல். மலிவான புது மோட்டர்களில் சில்லு சமநிலை இல்லாமல் முழு வேகத்தில் டாஷ்போர்டே அதிரும், பிளக் பொருந்தாமல் வயரை வெட்டி ஒட்ட வேண்டியும் வரலாம். கடற்கரை ஊர்களில் அந்த ஒட்டு ஒரு புது நோய். கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் உப்புக் காற்றில் செம்பு வயர் பச்சை பூத்து, தடை கூடி, சூடாகும். அசல் பழையது பிளக்கோடு அப்படியே பொருந்தும். நகரத்துக் கடைகளில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்டு இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம். வண்டியின் பிரேம் இலக்கத்தைக் கொடுங்கள், “விட்ஸ் மோட்டர்” என்று மட்டும் சொன்னால் வேறு மாடலுடையது வந்து சேரும்.

பழையதை வாங்கும்போது கடை மேசையிலேயே 12 வோல்ட் பெட்டரியில் கொடுத்து ஓடவிடுங்கள். கையில் பிடித்தால் நடுங்கக் கூடாது. நிறுத்திய பிறகு சில்லு ஆறுதலாகச் சுற்றி அடங்க வேண்டும், சடக்கென்று நிற்கக் கூடாது. பிளக்கின் கால்கள் பழுப்பாக இருந்தால் அதுவும் ஒரு தரம் வெந்ததுதான், வேண்டாம். கம்பனியின் புது மோட்டர் இவற்றில் எல்லாம் சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய வண்டிக்கு அதன் விலையும் காத்திருப்பும் எல்லோருக்கும் கட்டாது. நாள் முழுக்க ஏசியில் ஓடும் வாடகை வேனுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நான்காவது வழியை வழியென்றே சொல்லமாட்டேன். ரிசிஸ்டர் இல்லாமல் நேரடியாக வயர் இழுப்பது, பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் இடத்தில் பெரிய பியூஸ் குத்துவது. பியூஸ் போவது வயரைக் காப்பாற்றத்தான். பெரியதைக் குத்தினால் அடுத்ததாக எரிவது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயர்க் கட்டு. பிள்ளைகளை ஏற்றி ஓடும் வேன்களில் இதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இதைச் செய்து தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஹீட்டர் ரேடியேட்டர் கசிந்தால்

இடது பக்கக் கால் விரிப்பு ஈரமாகி, அந்த ஈரம் பிசுபிசுத்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசித் தண்ணீர்க் குழாய் அடைபட்டது, ஊதிவிட்டால் சரி.

கசிவுக்கு மூன்று பேச்சு இருக்கிறது. ஓட்டை அடைக்கும் மருந்தை ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. ஹீட்டர் ரேடியேட்டரின் குழாய்கள் ஒடுக்கமானவை, மருந்து ஓட்டையோடு அவற்றையும் அடைத்துவிடலாம். இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து ஹீட்டரைத் துண்டிப்பது நம் பக்கத்தில் அதிகம். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பிழையில்லை, மழைப் புகாரை ஏசியே பெரும்பாலும் எடுத்துவிடும். ஆனால் மலை ஏறுகிறவர்கள் ஒன்றை இழப்பார்கள். ஏற்றத்தில் எஞ்சின் சூட்டு முள் ஏறும்போது ஹீட்டரை முழுதாகத் திறந்தால் கூலன்ட்டின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்து எஞ்சின் ஆறும். வேர்த்துக் கொட்டினாலும் வண்டி ஓரம் சேரும். அடிக்கடி நுவரெலியா போகிறவர் புதுசு போடட்டும். சாமானின் விலையைவிட டாஷ்போர்ட் கழற்றும் கூலிதான் பெரிது. அதனால் ஏற்கெனவே ஓடிய பழையதை அங்கே பூட்டாதீர்கள், அதுவும் கசிந்தால் இரண்டாம் கூலி. மோட்டருக்குப் பழையது சரியென்ற என் கணக்கு இங்கே தலைகீழ்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

பின் சீட் பக்கம் இருந்து காற்றாடி இரைந்தால் அது ஏசி இல்லை, பெரிய பெட்டரியைக் குளிர்விக்கும் பேன். அதன் காற்று வாயை மணலும் நூலும் அடைத்தால் பெட்டரி சூடேறும், ஏசி கடைக்குப் போய்ப் பயனில்லை. அந்த வாய்க்கு மேலே பையோ துணியோ வைக்கவும் கூடாது.

இந்த வண்டிகளில் ஏசி கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை. பெரிய பெட்டரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. பிரியஸில் அந்தப் பெட்டரி 200 வோல்ட்டுக்கு மேல், முதல் தலைமுறை அக்வாவில் 144. செம்மஞ்சள் நிற வயர் போகும் இடமெல்லாம் அந்த மின்சாரம்தான். சாதாரண வயரிங்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அங்கே கை வைக்கக் கூடாது. வேகன் ஆர் இதில் சேராது, அதன் கொம்பிரசர் பெல்ட்டில்தான். அக்வா, பிரியஸுக்கு ஏசி கேஸ் நிரப்பப் போனாலும் கொம்பிரசருக்கு என்ன ஒயில் விடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெல்ட் வண்டிகளுக்கு விடும் ஒயில் இதற்குள் போனால் கொம்பிரசர் மோட்டரின் சுருளின் மின்காப்புக் கெட்டு மின்சாரம் கசியும். இதற்கென்று தனி ஒயில் உண்டு. பெயரைச் சொல்லி, டின்னையும் எடுத்துக் காட்டுகிற கடையில் வண்டியை விடலாம். “எல்லாம் ஒரே ஒயில்தான் அண்ணே” என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.