கோத்தகிரி மழைக்கு மார்ப்பிளா, சம்புவா?

32ஆம் பக்கத்தில் ஒரு பெயருக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையின் குண்டு எழுத்தில், "இவன்தான்."

கல்லூரியில் முதல் வருஷம், தீபாவளி விடுமுறை. கோத்தகிரி மார்க்கெட் பக்கம் அப்போது இருந்த ஒரு வாடகை நூல் நிலையத்தில் எடுத்த துப்பறியும் நாவல் அது. ஓரத்தில் எழுதியவனைத் திட்டிக்கொண்டே படித்தேன். மழை விட்டால்தானே போய் மாற்ற முடியும்? கடைசி அத்தியாயத்தில் பார்த்தால் கொலை செய்தது அவன் இல்லை, வேறு ஆள். பென்சில்காரன் பாதியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டானா, குறும்புக்குச் செய்தானா, தெரியாது. ஆனால் கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டதாக நம்பிக்கொண்டே இருநூறு பக்கம் படித்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட அலுக்கவில்லை.

அதிலிருந்துதான் ஒரே துப்பறியும் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கும் ஆசாமியானேன். முடிவு தெரிந்த கதையை எதற்கு மறுபடி என்று வீட்டில் கேட்பார்கள். தெரிந்த ரசத்தை எதற்குத் தினமும் வைக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எல்லாத் துப்பறியும் கதையும் இந்த மறுவாசிப்பைத் தாங்காது. தாங்குகிற வகைக்கு ஆங்கிலத்தில் 'கோஸி' என்று பேர். நான் கம்பளிக் கதை என்பேன். கொலை நடக்கும், ரத்தம் நம் காலில் ஒட்டாது. ஊர் சின்னது. துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி யாரோ. கடைசியில் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும், டீயும் வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகைதான் எங்கள் பக்கம் இதற்கான காலம். ஊட்டிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை பெரிது என்றால், கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்கு. பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி எதிர்வீட்டுக் கேட் காணாமல் போய்விடும். எங்கேயாவது ஒரு மரம் கம்பி மேல் சாயும், கரண்ட் போகும். அந்த நேரத்தில் கை எதை எடுக்கிறது? என் அலமாரியில் உண்மையான போட்டி இரண்டு பேருக்குத்தான்: அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள், தேவனின் துப்பறியும் சம்பு.

மார்ப்பிள் பாட்டி முதலில் 1927இல் ஒரு சிறுகதையில் தலைகாட்டி, 1930இல் நாவலுக்கு வந்தவர். மொத்தம் 12 நாவல்கள், 20 சிறுகதைகள். கிறிஸ்டி எழுதிய 66 துப்பறியும் நாவல்களில் மீசைக்காரர் பொய்ரோவுக்கு மட்டும் 33 போய்விட்டன. பாட்டிக்குப் பங்கு குறைவுதான். இருந்தாலும் பொய்ரோவை நான் அதிகம் திரும்ப எடுப்பதில்லை. அவர் ரயிலும் கப்பலுமாகச் சுற்றுகிறவர், கதை முடிந்தால் ஊரும் முடிந்துவிடும். மார்ப்பிளுக்கு செயிண்ட் மேரி மீட் என்று சொந்த ஊர் இருக்கிறது. கையில் பின்னல் ஊசி, தோட்டத்தில் களை எடுக்கிற சாக்கு, பறவை பார்க்கிற சாக்கில் ஒரு பைனாகுலர். வேறு என்ன வேண்டும்? யாரையாவது சந்தேகப்பட வேண்டுமென்றால் தன் ஊரில் முன்பு பார்த்த ஒரு கடைப்பையனையோ வேலைக்காரப் பெண்ணையோ நினைத்துக்கொள்வார். அந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் முடிச்சுப் போட்டுவிடுவார். தடயம், கைரேகை எல்லாம் அப்புறம்தான்.

இது கதையில் மட்டும் நடக்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன், என் அத்தையைக் கவனிக்கும் வரை. ஒரு நவம்பரில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டு விறகுக் கட்டு காணாமல் போனது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்த கற்பூர மர விறகு. (யூகலிப்டஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) ஆளாளுக்குப் பழைய இரும்பு வாங்க வருகிறவரைச் சந்தேகப்பட்டார்கள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். "அந்தக் கோடி வீட்ல சீகை விறகுதான் வாங்குவாங்க. மூணு நாளா கற்பூர வாசம் வருது பாரு கண்ணு." அதோடு சரி, யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், "அம்மிணி, நாலு விறகு கடனாக் குடு, நாளைக்குத் தர்றேன்" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார். மறுநாள் விடியும்போது முக்கால்வாசிக் கட்டு தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. செயிண்ட் மேரி மீட் எங்கேயோ இங்கிலாந்தில் இல்லை என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு நெருக்கமும் உண்டு. 1950இல் வந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலில், அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30க்கு இன்ன வீட்டில் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. ஊரே கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போய் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு கர்னலும் இருக்கிறார். 1947க்குப் பிறகு நீலகிரி பங்களாக்களை விட்டுவிட்டுக் கப்பலேறினார்களே துரைமார்கள், அவர்கள் எங்கே போய் இறங்கினார்கள் என்று சின்ன வயதில் யோசித்ததுண்டு. இந்தக் கர்னலைப் பார்த்ததும் விடை கிடைத்த மாதிரி இருந்தது. அதே நாவலில் மார்ப்பிள் ஒரு வருத்தமும் படுகிறார். முன்னெல்லாம் கிராமத்தில் யார் யாரென்று தெரியும், இப்போது புதிதாக வந்தவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்களோ அதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது என்று. கோத்தகிரியில் சனிக்கிழமை தோறும் வந்து இறங்கும் கார்களையும், பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும் ஹோம்ஸ்டேக்களையும் பார்க்கிறவனுக்கு அந்தப் பக்கத்தை மறுபடி படிக்காமல் முடியுமா?

சரி, மறுவாசிப்புக்கு வருவோம். மார்ப்பிளின் உச்சம் இரண்டாவது வாசிப்பில்தான். கிறிஸ்டி எந்த இடத்தில் நம்மைக் கவிழ்த்தார் என்று அப்போதுதான் தெரியும். ஒரு நாவலில் (எது என்று சொல்லமாட்டேன், பாவம்) ஒரு பெயரில் ஓரெழுத்து மாறி அச்சாகியிருக்கிறது. முதல் தடவை அச்சுப்பிழை என்று தாண்டிப் போனேன். தமிழ் வாசகன் அச்சுப்பிழையை மன்னித்து மன்னித்துப் பழகியவன் இல்லையா? இரண்டாம் தடவை அந்த வரி வந்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். முழுக்கதையின் சாவி அந்த ஓரெழுத்து, மூக்குக்கு நேரே தொங்கியிருக்கிறது. கிறிஸ்டி முதல் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர். எந்த விஷம் எவ்வளவு, எத்தனை நேரத்தில் வேலை செய்யும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். துப்பையும் அப்படி அளந்துதான் கலக்கிறார்.

ஆனால் மூன்றாவது வாசிப்பில் சக்கை தெரிய ஆரம்பிக்கும். புதிர் போய்விட்டது, வித்தையும் தெரிந்துவிட்டது, மிச்சம் ஊர்தான். அந்த ஊரில் வேலைக்காரப் பெண்கள் பெரும்பாலும் அசடுகள். 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலிலேயே போருக்குத் தப்பி வந்த ஒரு சமையல்காரப் பெண் வருகிறாள். அவள் பயத்தை வைத்துத்தான் சிரிப்புக் காட்டுகிறார்கள். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறேன்.

சம்பு வேறு ரகம். தேவன் என்கிற மகாதேவன் (1913–1957) ஆனந்த விகடனில் 1940களில் எழுதிய கதைகள். சம்பு ஒரு வங்கி குமாஸ்தா. எல்லாரும் அசடு என்று நினைக்கிறார்கள், அது பெரும்பாலும் உண்மை. எதையோ தேடிப் போய் எதிலோ தடுக்கி விழுவார், விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்து போவார். சம்பு திருதிருவென்று விழிப்பதைக்கூட ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொள்வார்கள். மனைவி வேம்புவுக்கும் புருஷன் பேரில் பெருமைதான். உண்மை தெரிந்தது சம்புவுக்கும் நமக்கும் மட்டும்.

கவனித்துப் பாருங்கள், இங்கே கெட்டுப்போக முடிவே இல்லை. சம்பு ஜெயிப்பார் என்று முதல் வரியிலேயே தெரியும். எப்படி வழுக்கி விழுவார் என்பதுதான் கதை. அதனால் என் பென்சில்காரன் சம்பு புத்தகத்தில் எதை எழுதினாலும் நஷ்டமில்லை. பத்தாவது தடவையும் சிரிப்பு அதே இடத்தில் வருகிறது, வரப்போகிறது என்று தெரிந்து இரண்டு வரி முன்னாலேயே உதடு விரிகிறது. வாய்விட்டுப் படிக்க இதைப்போல வேறில்லை. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் ஒரு கதை, திரும்பி வரும்போது ஒன்று. ஒருமுறை நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துக் கண்டக்டர் சில்லறையை எனக்கு முன்னால் இரண்டு தடவை எண்ணினார்.

குறை இல்லாமலா? ஐந்து கதையைச் சேர்ந்தாற்போல் படித்தால் அச்சு ஒன்றுதான் என்று தெரிந்து திகட்டும். உலகமும் குறுகியது. அந்தக் காலத்துச் சென்னை நடுத்தர அக்கிரகார வாசனையைத் தாண்டிக் கதை அதிகம் வெளியே வருவதில்லை. வாரத்துக்கு ஒன்றாகப் படிக்க எழுதியதை வாரத்துக்கு ஒன்றாகவே படித்தால் சரியாக இருக்கும்.

மற்றவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. தமிழ்வாணனின் சங்கர்லால் பதினாலு வயதில் எனக்குத் தெய்வம். அவர் குடித்த டீயை எண்ணியே எங்கள் வீட்டு டீத்தூள் தீர்ந்தது. நாற்பதில் மறுபடி எடுத்தபோது டீ மட்டும்தான் சூடாக இருந்தது. சுஜாதாவின் கணேஷ், வசந்த் மறுவாசிப்புக்கு நன்றாகவே தாங்குவார்கள். ஆனால் அங்கே குளிர்காய முடியாது. கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற எழுத்து அது. போட்ஸ்வானாவில் அப்பா விட்டுப்போன மாடுகளை விற்றுத் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பிக்கிற ரமோட்ஸ்வே அம்மாள் (1998இல் முதல் நாவல்) ஒருவர்தான் மார்ப்பிளுக்கும் சம்புவுக்கும் அருகில் வருகிறார். கொலையே அபூர்வம், காணாமல் போன புருஷன் மாதிரியான வழக்குகள். வெளியே மழை கொட்ட, உள்ளே அந்த ஊர் வெயிலைப் படிப்பது இதம்தான். ஆனால் அவர் குடிக்கும் புதர் டீயில் தேயிலையே கிடையாது. தேயிலைத் தோட்டத்துக்காரன் எத்தனை பக்கம் பொறுப்பான்? கேக் செய்முறை இணைத்து வரும் அமெரிக்கக் கதைகளையும் முயன்றேன். செய்முறையை வைத்துக்கொண்டு கதையைக் கொடுத்துவிட்டேன்.

போனில் படிப்பதா, காகிதமா என்றும் கேட்கலாம். கரண்ட் இல்லாத ஊரில் போன் தானாகவே ஒளி தருவது வசதிதான், சார்ஜ் இருக்கும் வரை. காகிதத்துக்குத்தான் ஆயிரம் தொல்லை. ஈரத்தில் அட்டை வளைந்து பூஞ்சை பிடிக்கும், ராமபாணம் நேர்கோடாகத் துளை போடும். ஜனவரி உறைபனி விட்டு வெயில் வரும்போது அப்பளம் மாதிரி முற்றத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். இருந்தாலும் காகிதத்தில்தான் கணக்கு தெரிகிறது. மழை நாளில் டீயோடு வர்க்கி இல்லாமல் நான் படிப்பதில்லை, வர்க்கி உதிராமல் எவனும் தின்றதில்லை. தூளைத் தட்டிவிட்டாலும் எண்ணெய்ப் பொட்டு நின்றுவிடும். போன தை மாதம் காயப்போட்டபோது எண்ணிப் பார்த்தேன். மார்ப்பிளில் அதிகம் படித்த புத்தகத்தில் நாலைந்து பொட்டு. சம்புவில் சில பக்கங்களை வெயிலில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது.

ஆகவே முதல் மழைக்கு, அதுவும் புதிதாகப் படிக்கிறவர் என்றால், மார்ப்பிளைத்தான் கையில் கொடுப்பேன். முடித்ததும் ஒரு வாரம் விட்டு மறுபடி அதையே கொடுப்பேன். அதற்கு மேல் சம்பு.

போன கார்த்திகையில் ஒருநாள் கரண்ட் போய், எமர்ஜென்சி லைட்டும் மங்கிவிட்டது. பொழுது போகாமல் அத்தைக்கு அந்த விளம்பரக் கொலைக் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பெயர்களை மட்டும் நம் ஊர்ப் பெயர்களாக மாற்றிக்கொண்டேன். மூன்றில் ஒரு பங்கு வந்திருப்பேன். அத்தை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார்.

சரியான பெயர்.

"எப்படி அத்தை?"

"அது பேசற தினுசே அப்படித்தான இருக்குது. இதுக்குப் போய் அத்தன பக்கம் எழுதியிருக்கா அந்தம்மா?" என்றார். "அத விடு கண்ணு. அந்த அசடு ஒருத்தன் வருவானே, பேங்கில வேலை பாக்கறவன், அவன் கதையைச் சொல்லு."