டெக்சாஸில் கிராமத்து நிலம் வைத்திருப்பவர்களே, "உங்கள் வரியைக் குறைத்துவிட்டோம்" என்று வரும் பில்லைக் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆஸ்டினுக்கும் டாலஸுக்கும் வெளியே உள்ள கவுண்டிகளில் பத்து, இருபது ஏக்கர் வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். இந்த ஏமாற்று நகரத்து வீட்டிலும் நடக்கிறது. ஆனால் கிராமத்து நிலத்தில்தான் அது எளிதாக ஒளிந்துகொள்கிறது.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததை அப்படியே தருகிறோம். எண்களை மட்டும் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறோம். மொத்தம் 20 ஏக்கர். ஒரு ஏக்கரில் வீடு, மீதி 19 ஏக்கரில் மாட்டுத் தீவனப் புல். சொத்து வரி ஏஜென்ட் ஒருவர் வந்தார். "வரி குறைந்தால் சேமிப்பில் 30 சதவீதம், குறையாவிட்டால் ஒன்றும் வேண்டாம்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் பில் வந்தது: மதிப்பில் குறைப்பு 48,000 டாலர், சேமிப்பு 864 டாலர், கட்டணம் 259 டாலர் 20 சென்ட். அக்டோபரில் கவுண்டியின் வரி பில் வந்தபோது பார்த்தால், புரொட்டஸ்ட்டே (மதிப்பை எதிர்த்து முறையீடு) செய்யாமல் இருந்திருந்தால் என்ன வந்திருக்குமோ அதே தொகை. ஒரு சென்ட் குறையவில்லை.

எப்படி என்று புரிய, ஏப்ரல் வாக்கில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது சொத்துகளுக்கு மதிப்புப் போடும் அலுவலகம், அனுப்பும் மதிப்பு நோட்டீஸைக் கையில் எடுங்கள். அதில் மார்க்கெட் வேல்யூ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே அப்ரைஸ்டு வேல்யூ என்று இன்னொரு வரி. வரி போடுவது கீழே உள்ள எண்ணுக்குத்தான், அதிலும் விலக்குகளைக் கழித்த பிறகு. இந்தக் குடும்பத்தின் 19 ஏக்கருக்கு மார்க்கெட் வேல்யூ ஏக்கருக்கு 15,000 வீதம் 285,000 டாலர். ஆனால் அந்த நிலம் விவசாய மதிப்பீட்டில், அதாவது ஏஜி வேல்யூவேஷனில் இருக்கிறது. அதனால் வரிக்கு எடுத்துக்கொள்வது ஏக்கருக்கு 110 டாலர் வீதம் 2,090 டாலர் மட்டும். வீடும் அதன் ஒரு ஏக்கரும் மார்க்கெட்டில் 250,000. ஹோம்ஸ்டெட், அதாவது உரிமையாளரே குடியிருக்கும் வீட்டின் அப்ரைஸ்டு வேல்யூ, புதிதாக எதுவும் கட்டாதவரை, வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது சட்டம். போன வருடம் 200,000 என்பதால் இந்த வருடம் 220,000-தான்.

ஏஜென்ட் என்ன செய்தார்? நிலத்தின் மார்க்கெட் வேல்யூவை ஏக்கருக்கு 15,000-இலிருந்து 13,000 ஆக்கினார். அதில் 38,000 குறைந்தது. வீட்டை 250,000-இலிருந்து 240,000 ஆக்கினார். அதில் 10,000. காகிதத்தில் மொத்தம் 48,000. ஆனால் வரிக்கு எடுக்கும் 2,090-உம் 220,000-உம் அசையவே இல்லை. பயன் இருந்திருக்க வேண்டுமானால் வீட்டின் மதிப்பு 220,000-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விவசாய நிலத்தின் மார்க்கெட் வேல்யூ குறைவது முழுக்கப் பயனற்றது அல்ல. பின்னால் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் முந்தைய 3 வருட ரோல்பேக் வரி வரும். மார்க்கெட் வேல்யூவுக்கான வரிக்கும் ஏஜி மதிப்புக்கான வரிக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. மார்க்கெட் வேல்யூ குறைவாக இருந்தால் அந்தச் சுமையும் குறையும். ஆனால் அதை "இந்த வருடச் சேமிப்பு" என்று பில் போடுவது ஏமாற்றுதான்.

எனவே ஒப்பந்தத்தில் சேமிப்பு என்பதற்கு என்ன பொருள் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "மார்க்கெட் வேல்யூவில் ஏற்படும் குறைப்பு" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "விலக்குகளும் உச்சவரம்பும் போக, உண்மையில் குறைந்த வரித் தொகை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஏஜென்ட்டை நியமிக்கும் படிவம் 50-162-இல் இருக்கிறது. உங்கள் பெயரில் ஏஜென்ட் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டோடு ஒரு மதிப்புக்கு ஒத்துக்கொண்டால் அதுவே இறுதி. அதற்குப் பிறகு நீங்கள் முறையீடுகளைக் கேட்கும் அப்ரைசல் ரிவியூ போர்டின் விசாரணைக்கோ ஆர்பிட்ரேஷனுக்கோ (நடுவர் தீர்ப்பு) போக முடியாது. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே நாளில் முடிக்கும் நிறுவனம் ஐயாயிரம் டாலர் குறைப்புக்குத் தலையாட்டிவிட்டால், உங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் ஓடும் விரிசலை யாரும் பார்க்கப் போவதில்லை. அதே படிவத்தில் அதிகாரம் முடியும் தேதிக்கு ஓர் இடம் இருக்கும். அதைக் காலியாக விட்டால் நீங்கள் எழுத்தில் ரத்து செய்யும்வரை அது ஒவ்வொரு வருடமும் தொடரும். கடிதங்கள் யாருக்குப் போக வேண்டும் என்ற கட்டங்களையும் பார்த்து நிரப்புங்கள். ஏஜென்ட்டுக்கு என்று டிக் இருந்தால் நோட்டீஸ் நேராக அவருக்குப் போய்விடும், உங்களுக்குத் தகவலே இருக்காது.

ஒரு வீடும் கொஞ்ச நிலமும் உள்ளவர்கள் இதைத் தாங்களே செய்துகொள்ளலாம். புரொட்டஸ்ட்டுக்கான படிவம் 50-132. கடைசி நாள் மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இரண்டில் பிந்தியது. "மதிப்பு தவறு" என்ற கட்டத்தையும், "மற்ற சொத்துகளோடு ஒப்பிட்டால் சமமற்ற மதிப்பு" என்ற கட்டத்தையும் சேர்த்தே டிக் செய்யுங்கள். விட்ட கட்டத்தைப் பற்றி விசாரணையில் பேச முடியாமல் போகலாம். நேரில் கொடுத்தால் தேதி முத்திரை போட்ட பிரதி வாங்குங்கள், தபாலில் என்றால் சர்ட்டிஃபைடு மெயில்.

கூடவே, விசாரணையில் அவர்கள் காட்டப்போகும் ஆதாரங்கள் அனைத்தையும் எழுத்தில் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்னதாக இலவசமாகத் தர வேண்டும். கேட்டும் தராததை அங்கே பயன்படுத்த முடியாது. டெக்சாஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் கிராமத்துக் கவுண்டியில் நில விலைக்கு அவர்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் நான்கைந்து விற்பனைகள்தான். அவை எங்கே இருக்கின்றன, தார் ரோட்டு முகப்பு உண்டா, தண்ணீர் லைன் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் நிலத்தில் பைப்லைன் ஈஸ்மென்ட் (அடுத்தவர் குழாய் கொண்டுபோக உரிமை உள்ள பட்டை) போனாலோ, பாதி நிலம் வெள்ளப் பகுதியில் இருந்தாலோ, உள்ளே போக அடுத்தவர் நிலத்து மண்பாதைதான் என்றாலோ அந்த விலை உங்களுக்குப் பொருந்தாது. சர்வே வரைபடம், ஃபீமா வெள்ள வரைபடம், கான்ட்ராக்டர் எழுதித் தந்த ரிப்பேர் எஸ்டிமேட், தேதியோடு போட்டோ, இவைதான் பேசும். எல்லாம் ஜனவரி 1 அன்றைய நிலையைக் காட்ட வேண்டும். கொட்டகையின் நீள அகலத்தை டேப் வைத்து நீங்களே அளந்து அவர்கள் பதிவோடு ஒப்பிடுங்கள். வாசல் தாழ்வாரத்தை வாழும் பரப்பாகச் சேர்த்திருந்தால் இங்கேதான் அகப்படும்.

போர்டு முன் வரி விகிதம் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்களால் அதை மாற்ற முடியாது. விகிதத்தைத் தீர்மானிப்பது கவுண்டி, பள்ளி மாவட்டம் போன்றவை. அதற்கான பொதுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும்.

தபாலில் வரும் இன்னொரு வலை, அரசுச் சின்னம் மாதிரி ஒன்றை அச்சடித்த கடிதம். ஹோம்ஸ்டெட் விலக்கு பதிவு செய்து தருகிறோம், இவ்வளவு டாலர் அனுப்புங்கள் என்று இருக்கும். ஒரு பைசா கொடுக்காதீர்கள். படிவம் 50-114 முழுக்க இலவசம். டிரைவிங் லைசென்ஸில் அதே வீட்டு முகவரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2025-இலிருந்து பள்ளி வரிக்கு மட்டும் 140,000 டாலர் மதிப்பைக் கழிக்கிறார்கள். விண்ணப்பிக்க மறந்தவர்கள், அந்த வருட வரி பாக்கியாகும் பிப்ரவரி 1-இலிருந்து 2 வருடம்வரை பின்தேதியிட்டும் வாங்கலாம்.

நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு: "வருட வரி முந்நூறு டாலர்தான்" என்று சொல்லி விற்பார்கள். அது பழைய உரிமையாளரின் ஏஜி மதிப்பீட்டில் வந்த தொகை. பெயர் மாறியதும் நீங்கள் ஏஜி மதிப்பீட்டுக்கான படிவம் 50-129-ஐப் புதிதாகக் கொடுக்க வேண்டும், ஏப்ரல் 30-க்குள். தவறினால், போர்டு அந்த வருடப் பதிவேட்டுக்கு ஒப்புதல் தரும்வரை (வழக்கமாக ஜூலை) கொடுக்கலாம். ஆனால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம். அதையும் விட்டால் அந்த வருடம் முழு மார்க்கெட் வேல்யூவுக்கும் வரி. ரோல்பேக் வந்தால் யார் கட்டுவது என்பதைக் கிளோசிங்குக்கு முன், அதாவது நிலம் உங்கள் பெயருக்கு மாறும் முன், ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

புரொட்டஸ்ட் நிலுவையில் இருந்தாலும் ஜனவரி 31-க்குள் பணம் கட்டுங்கள். பிப்ரவரியில் 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் உடனே ஏறும். ஏமாற்றிய ஏஜென்ட் மீது புகார் என்றால், சொத்து வரி ஆலோசகர்களைப் பதிவு செய்யும் டெக்சாஸ் லைசென்சிங் துறைக்கு, டிடிஎல்ஆர் என்பார்கள், எழுதுங்கள். ஒப்பந்தம், ஏஜென்ட்டின் பில், கவுண்டி வரி பில் மூன்றின் பிரதியையும் இணைத்து, "வரியில் குறைந்தது பூஜ்யம், கேட்டது 259 டாலர்" என்பதுபோல உங்கள் எண்களை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.