விஎம்வேரா வேர்ச்சுவல்பொக்ஸா: பச்சை ஆமையோடு ஒரு கணக்கு

லெப்டொப் ரிப்பெயார் முடிந்து விண்டோஸ் 11-உடன் வந்ததில் இருந்து, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளின் கீழ்மூலையில் ஒரு பச்சை ஆமை குந்தியிருக்கிறது. உள்ளே ஓடுவது பழைய விண்டோஸ் எக்ஸ்பீ. அதற்குள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. ஹட்டனில் என் கடைக்கு வரும் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்ட் எல்லாம் இன்னும் அந்தப் பழைய ஃபைல்களில்தான் கிடக்கின்றன.

பண்டாரவளை நண்பன் கேட்கிறான்: "மச்சான், விஎம்வேர் இப்ப சும்மாதானே, வேகமும் கூடவாமே?" அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருள் அது. சும்மாதான். 2024 மே மாதம் சொந்தப் பாவனைக்கும், நவம்பரில் கடை, கம்பெனி எல்லாருக்கும் இலவசமாகிவிட்டது. அந்த 'வேகம்' என்ற பேச்சில்தான் எனக்கு எரிச்சல்.

ஆமை தெரிந்தால், ப்ரொசசரின் வேர்ச்சுவல் வசதியை, விண்டோஸின் சொந்த வேர்ச்சுவல் அடுக்கான ஹைப்பர்-வி முதலே பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பிறகு எல்லாம் அதன் வழியாகத்தான். பெரும்பாலும் காரணம் மெமரி இன்டெக்ரிட்டி, ஹைப்பர்-வியை வைத்து ஓடும் விண்டோஸ் பாதுகாப்பு. புதிதாகப் போட்ட விண்டோஸ் 11-இல் அது தானாகவே ஒன் ஆகியிருக்கும். 2020-இல் வந்த 15.5.5 பதிப்பில் இருந்து விஎம்வேரும் அதே சுற்றுவழியில் ஓடும், ஆனால் முகத்தில் காட்டாது. லொக் ஃபைலைத் திறந்து மொனிட்டர் மோட் 'யூஎல்எம்' (ஹைப்பர்-வி வழி ஓட்டம்) என்று இருக்கிறதா என நாமே தேட வேண்டும். ஒருவன் ஆமையோடும் மற்றவன் ஆமையில்லாமலும் ஓடிவிட்டு ரிசல்ட் சொன்னால் அது என்ன போட்டி?

நான் இரண்டுக்கும் ஒரே ரெம், ஒரே கோர், முழு அளவையும் முன்கூட்டியே ஒதுக்கிய ஃபிக்ஸ்ட் டிஸ்க் கொடுத்தேன். சார்ஜர் குத்தியே இருந்தது. முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, அடுத்த தடவை, முன்பு படித்ததை நினைவில் வைத்திருக்கும் டிஸ்க் கேஷ் உதவிக்கு வந்துவிடும். நேரம் பார்த்தது ஃபோனில். வேர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் மணிக்கூட்டை நம்ப முடியாது. (நம்ம ஊர்க் குளிரில் எடுத்த நேரத்தைக் கொழும்பு வெக்கையில் எடுத்ததோடு ஒப்பிடவும் வேண்டாம். சூடேறினால் ப்ரொசசர் தானாகவே வேகத்தைக் குறைக்கும்.)

மெமரி இன்டெக்ரிட்டி ஓஃப் என்றால் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. ஒன் என்றால் வேர்ச்சுவல்பொக்ஸில் எழுத்து விரலுக்குப் பின்னால்தான் வருகிறது, விஎம்வேர் சமாளிக்கிறது. கடைக்கு ஊர்ப்பட்ட பென் டிரைவ் வரும். அந்தப் பாதுகாப்பை ஓஃப் பண்ண எனக்குத் துணிவில்லை.

உண்மையை மறைக்காதது வேர்ச்சுவல்பொக்ஸ்தான். சரி மச்சான், நீ விஎம்வேரே போடு. எக்ஸ்பீக்குள் போட்ட வேர்ச்சுவல்பொக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸைக் கழற்றிவிட்டு, முழு மெஷினையும் ஒரே பொதியாக்கும் ஓவிஏ ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணு. எக்ஸ்பீ மறுபடி அக்டிவேஷன் கேட்கலாம், கீயைத் தேடி வைத்துக்கொள்.