லைனிங் 7-ஐத் தொடவில்லை என்றால்: பிஆர்பியும் மற்ற வழிகளும்

தங்கைக்கு உறைய வைத்த கருவை உள்ளே வைக்கும் சைக்கிள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கிப் பதிமூன்றாம் நாள் ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு 5.9 மி.மீ. “லைனிங் பத்தல, பிஆர்பி போட்டுப் பார்க்கலாம்” என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். பிஆர்பி என்றால் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. வெளியே வந்ததும் அவள், “நம்ம ரத்தத்தையே எடுத்து உள்ள விடறாங்களாம்க்கா, கெடுதல் ஒண்ணும் இல்லையாம்” என்றாள். அன்று இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இது.

முதலில் அந்த 7, கரு வைக்க லைனிங் இத்தனை மி.மீ. வேண்டும் என்று பொதுவாகச் சொல்லும் அளவு. அதற்குக் கீழே போனால் கரு ஒட்டவே ஒட்டாது என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். கனடாவின் ஐவிஎஃப் பதிவேட்டை வைத்து 2018-இல் வந்த பெரிய ஆய்வில், உறைந்த கரு வைத்தவர்களுக்கு 7 மி.மீ.க்குக் கீழே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு குறைந்தது. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. 5, 6 மி.மீ.யிலும் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. அதனால் 6.5 இருந்து, ஸ்கேனில் சவ்வு மூன்று கோடுகளாகத் தெளிவாகத் தெரிந்தால் (அது நல்ல அடையாளம்), ஒன்றும் செய்யாமல் அப்படியே டிரான்ஸ்ஃபர் செய்வதும் (கருவை உள்ளே வைப்பதும்) ஒரு வழிதான். அதை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை.

சரி, பிஆர்பி. கையிலிருந்து 15, 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து சேர்த்து, சுழற்றும் இயந்திரத்தில் பெரும்பாலும் இரண்டு முறை சுற்றுகிறார்கள். குழாயின் அடியில் சிவப்பு, நடுவில் நூல் போல வெளிறிய ஒரு படலம், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் உறிஞ்சி, ஐயுஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் விடும் சிகிச்சை) செய்யும் அதே மெல்லிய குழாய் வழியாக அரை மில்லியோ ஒரு மில்லியோ உள்ளே விடுகிறார்கள். மயக்க ஊசி தேவையில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்கேன். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. தட்டணுக்கள் உடையும்போது, புது ரத்தக் குழாய் வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் வெளியே வரும், சவ்வு தடிக்கும் என்பது கணக்கு. மெல்லிய சவ்வுக்கு இதை முதலில் எழுதியவர்கள் சீன மருத்துவர்கள், 2015-இல், 5 பெண்களை வைத்து.

அதற்குப் பிறகு நிறைய ஆய்வுகள் வந்தன, பலதும் நல்ல சேதிதான் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலும் சிறியவை. ஒவ்வோர் இடத்திலும் தயாரிக்கும் முறை வேறு, எது “மெல்லியது” என்பதும் வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் குழு 2024-இல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, சான்றுகளின் உறுதி மிகக் குறைவு, பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியவில்லை என்றது. ஐரோப்பிய மருத்துவர் அமைப்பான எஷ்ரே 2023-இல் கூடுதல் சிகிச்சைகளைப் பற்றி எழுதியபோது இதைப் பரிந்துரைக்கவில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. பிஆர்பி போடும் அந்த நான்கைந்து நாளும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை நிற்பதில்லை. 5.9 இருந்தது 6.8 ஆனால் பெயர் பிஆர்பிக்குப் போகிறது. கூடவே ஓடிய மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பிஆர்பி போடாத ஒரு குழுவையும் அதே நாட்கள் காக்க வைத்துப் பார்த்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

அதனால்தான் என் தராசில் ஈஸ்ட்ரோஜன் முன்னால் நிற்கிறது. வழக்கமாக 2 மில்லிகிராம் எஸ்ட்ராடியோல் வேலரேட் மாத்திரை, நாளுக்கு மூன்று. ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டலாம், அதே மாத்திரையைப் பிறப்புறுப்பு வழியாக வைக்கலாம், தோலில் ஒட்டும் பட்டைக்கோ ஜெல்லுக்கோ மாறலாம். இல்லையென்றால் சும்மா இன்னும் ஒரு வாரம் காத்திருக்கலாம். செலவும் இதில்தான் குறைவு. ரத்தம் கட்டும் வரலாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கூட்டுமுன் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ரொம்ப நாள் இழுத்தால் நடுவில் ரத்தப்போக்கு வந்து சைக்கிளே கலைந்துவிடும்.

மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள், மாத்திரையே வேண்டாம், இயல்பான சுழற்சியில் வைக்கலாமா என்று கேட்கலாம். சொந்தக் கருமுட்டை வளரும்போது சுரக்கும் ஹார்மோனில் சிலருக்கு லைனிங் நன்றாக வரும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்தும் மாத்திரை சைக்கிளைவிட இதில் குறைவாகவே தெரிகிறது. ஸ்கேனுக்கு அலைச்சல் அதிகம், ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்ஃபர் வந்து நின்றால் மருத்துவமனைக்கும் தலைவலி. இது அதிகம் பேசப்படாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

லைனிங்கைத் தடிக்க வைக்க முயன்ற வேறு இரண்டு மருந்துகள், சில்டெனாஃபில் (வயாகராவில் இருப்பது), ஜிசிஎஸ்எஃப் (வெள்ளணுக்களைப் பெருக்கும் மருந்து). இரண்டையும் நீட்ட வேண்டியதில்லை. முதலாவதை 2000-இல் அமெரிக்காவில் 4 பெண்களுக்கு உள்ளே வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவதை 2011-இல் நியூயார்க்கில், அங்கும் 4 பேர். பிஆர்பி 5 பேர். மூன்றுமே கை விரல்களில் அடங்கும் எண்ணிக்கையில் தொடங்கியவை! ஜிசிஎஸ்எஃப்பை அதே நியூயார்க் குழு 2014-இல் குலுக்கல் முறையில் சோதித்தபோது பலன் தெரியவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் மெல்லிய சவ்வுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாடகைத்தாய் வழி 2021 சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பணம் கொடுத்து நடக்காது, 5.9-ஐப் பார்த்து அங்கே ஓடவும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஹிஸ்டரோஸ்கோபி, உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது. மயக்க மருந்து, ஒரு நாள் லீவு, செலவு எல்லாம் உண்டு. ஆனால் சவ்வு ஏன் வளரவில்லை என்று கேட்கும் வழி இது ஒன்றுதான். உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டிருந்தால், 1948-இல் அஷர்மன் என்ற மருத்துவர் எழுதிய அதே நிலை, எத்தனை மாத்திரை போட்டாலும் அந்த இடத்தில் சவ்வு முளைக்காது. ஒட்டுகளைக் கத்தரித்து விட வேண்டும். நம் ஊரில் கர்ப்பப்பைக் காசநோயும் இப்படிச் செய்யும், திசு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதைப் படித்தபோதுதான் தங்கையிடம் கேட்டேன், பீரியட்ஸ் எத்தனை நாள் வருகிறது என்று. “ரெண்டு நாள்க்கா, அதுவும் திட்டுத் திட்டாதான். முன்னாடி அஞ்சு நாள் வரும்.” எப்போதிலிருந்து? மூன்று வருடத்துக்கு முன் கரு கலைந்து டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்ததிலிருந்து. அந்தத் தழும்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. டி அண்ட் சி விவரம் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. பிஆர்பி படிவம் கொடுத்தவர்கள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இந்த சைக்கிளை நிறுத்தியாயிற்று. கரு உறைந்தேதான் இருக்கிறது, அதற்கு அவசரம் இல்லை. வரும் வியாழக்கிழமை ஹிஸ்டரோஸ்கோபி. கையெழுத்துப் போடாத படிவம் ஃபைலிலேயே இருக்கட்டும். ஒட்டு எதுவும் இல்லை, மாத்திரையை மாற்றியும் 6-ஐத் தாண்டவில்லை என்றால் அப்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.